வறுமையிலிருந்து தேறியவள்

வெளிநாட்டு உதவி என்றால் என்ன என்று சந்தூவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கண் திறந்ததே அதில்தான். தாய்லாந்து எல்லையோரத்து அகதி முகாமில், தார்ப்பாய்க் கூரையின் கீழ் பிறந்தாள். மறுநாள் ஒரு வெள்ளைக்காரச்சி வந்து, துணித்தூளியில் போட்டுத் தராசில் மாட்டி எடை பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாளாம். அந்த முகாமில் அரிசியைப் பெண்கள் தலையை எண்ணித்தான் கொடுத்தார்கள். ஆண்களுக்குக் கொடுத்தால் துப்பாக்கி தூக்கிச் சண்டை போடுகிறவன் வயிற்றுக்குப் போய்விடும் என்று பயம். அதனால் மூன்று ஆண்பிள்ளைகளுக்குப் பின் பெண் பிறந்ததும் சந்தூவின் அப்பா முகாம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். மகள் பிறந்த சந்தோஷமா, அரிசி வந்த சந்தோஷமா என்று அவள் அம்மா கடைசிவரை அவரைக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சந்தூவின் பத்து வயதில் அவர்களை வெள்ளை லாரியில் ஏற்றிக் கம்போடியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கையில் ஒரு வாளி, ஒரு கொசுவலை, ஒரு அரிசிச் சீட்டு. நிலம் தருகிறோம் என்று சொன்னவர்கள், அந்த நிலத்தில் கண்ணிவெடி இருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். கடைசியில் ப்ரே வெங் பக்கம் த்ரபியாங் ஸ்வாய் என்ற ஊரில், அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த ஊருக்கு வராத அமைப்பு கிடையாது. கிணறு தோண்ட ஒரு கூட்டம் வந்தது. கக்கூஸ் கட்ட ஒரு கூட்டம். கை கழுவுவது எப்படி என்று பாட்டுப் பாடிச் சொல்லித்தர ஒரு கூட்டம் வந்து, தண்ணீர் இல்லாத மாசத்தில் பாடிவிட்டுப் போனது.

சந்தூ இதையெல்லாம் கரைத்துக் குடித்தவள். கணக்கெடுக்க வருகிறவனுக்கு ஒரு முகம், படம் எடுக்க வருகிறவனுக்கு ஒரு முகம். கணக்கெடுப்பு நாளில் வீட்டில் எதை ஒளிக்க வேண்டும், எந்தச் சட்டையைப் போட வேண்டும், எந்தக் கேள்விக்குப் பெருமூச்சு விட வேண்டும் என்று ஊர்ப் பெண்களுக்கே யோசனை சொல்வாள். அப்பேர்ப்பட்ட கைகாரி எப்படி ஏமாந்தாள் என்று கேட்டால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. பேராசையில் ஏமாந்திருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். அவள் ஏமாந்தது நன்றியில்.

அவளுக்கு ஒரே மகள், மாலிஸ். அந்தப் பெண்ணின் உடம்பில் ரத்தம் தங்காது. பிறவியிலேயே வந்த நோய். மாதம் தவறாமல் ஒரு பை, சில மாதம் இரண்டு பை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றினால் சிரிப்பாள், நெல் நாற்று நடக்கூட வருவாள். ஏற்றாவிட்டால் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப்போய்த் தொங்குகட்டிலில் கிடப்பாள். வயிறு மட்டும் உப்பியிருக்கும். வயது பத்தொன்பது. பார்த்தால் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் மதிக்க முடியாது. சந்தூவின் புருஷன் தாய்லாந்துக்கு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவன், போனவன்தான்.

அந்த ரத்தத்தைக் கொடுத்தது பச்சை அட்டை. வண்டியில் ஒரு இலையை வரைந்துகொண்டு வந்த அமைப்பு கொடுத்த அட்டை அது. ஊரில் அவர்களுக்கு இலைக்காரர்கள் என்றே பெயர். அட்டை இருந்தால் மாகாண ஆஸ்பத்திரியில் ரத்தம் இலவசம், போக வர வண்டிச்சத்தமும் உண்டு. அட்டை இல்லாதவர்கள் பைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அட்டைக்காரர்கள் மூன்று வருஷத்தில் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதற்காக ஆளுக்கு ஒரு பன்றிக்குட்டியும் ஒரு தையல் மிஷினும் வேறு கொடுத்திருந்தார்கள். சந்தூவுக்குக் கொடுத்த குட்டி இரண்டாம் மாதமே காய்ச்சலில் செத்துவிட்டது. தையல் மிஷினை, மாலிஸ் மண்ணீரல் வீங்கி நோம் பென் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தபோது விற்றுவிட்டாள். அட்டை மாகாணத்தைத் தாண்டிச் செல்லாது.

மூன்றாம் வருஷம் மழை முடிந்த கையோடு, இலைக்காரர்களின் கள அலுவலன் ரத்தனாக் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பக்கத்து வட்டாரத்துப் பையன்தான். சந்தூவை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

"அக்கா, புதன்கிழமை உங்க வீட்டுக்கு ரெண்டு பேரு வராங்க. வெளிநாட்டுலேர்ந்து."

"கணக்கெடுக்கவா தம்பி? அடுப்பைக் கொஞ்சம் ஒடச்சு வைக்கட்டுமா?"

"அய்ய, உங்களுக்கு எப்பவும் வெளையாட்டு. கணக்கு இல்லக்கா. விருந்தாளிங்க. மாலிஸுக்கு ரத்தம் ஏத்தறதுக்குப் பணம் குடுத்தவங்களே அவங்கதான். சும்மா பார்த்துட்டுப் போக வராங்க."

சந்தூ கேலியை நிறுத்தினாள். கணக்கெடுக்க வருகிறவன் வேறு, மகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் வேறு. அப்படிப்பட்டவர்கள் வாசல் ஏறி வரும்போது, "நீங்கள் கொடுத்த பன்றி செத்துவிட்டது, மிஷினை விற்றுவிட்டேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது? கொடுத்தவர்கள் மனசு என்ன பாடுபடும்? பரிசு கொடுத்தவரிடம் பரிசு கெட்டுப்போனதைச் சொல்வது, அந்த ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை, அவர் மூஞ்சியில் துப்புவதற்குச் சமம். கல்யாணம், கருமாதி, பிக்குகளுக்குச் சோறு என்று எது வந்தாலும் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி வீட்டை நிறைத்துக்கொள்வது அங்கே வழக்கம். யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். விருந்தாளி ஒரு வீட்டுக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி.

பக்கத்து வீட்டுத் தோயுன் தன் பன்றியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து கட்டினான். நூறு கிலோவுக்கு மேல் தேறும். அதுநாள்வரை வாழைத்தோப்புக்குள் மறைத்து வளர்த்த பன்றி. தோயுனும் பச்சை அட்டைக்காரன்தான், சொத்து இருப்பது தெரிந்தால் அட்டை போய்விடும். அவன் கணக்கிலும் பன்றி செத்துப்போனதாகத்தான் இருந்தது. மகன் கல்யாணத்துக்காக வளர்த்தான். எதிர்வீட்டுக் கிம்லி தன் தையல் மிஷினைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து வைத்து, எண்ணெய் போட்டுத் துடைத்தும் கொடுத்தாள். இலைக்காரர்கள் கொடுத்ததைப் போலவே அதே ரகம். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்து அதில்தான் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் பச்சை அட்டை, அவளும் மிஷின் பழுதாகிவிட்டது என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். ஊர்த்தலைவர் வீட்டிலிருந்து நாற்காலிகளும் மின்விசிறியும் வந்தன.

"அக்கா வீடு மந்திரி வீடு மாதிரி இருக்கு," என்றாள் கிம்லி. "நாங்கல்லாம் இனிமே செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரணும்."

"கழட்டு. கழட்டின செருப்பையும் வித்துடறேன்," என்றாள் சந்தூ.

புதன்கிழமை வந்தவர்கள் ஒரு நெட்டைப் பெண்மணி, கூட ஒரு வழுக்கை மனிதர். பெண்மணி குனியாமல் வந்து உத்தரத்தில் இடித்துக்கொண்டு, தானே சிரித்துக்கொண்டாள். சந்தூவுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. இளநீர் வெட்டிக் கொடுத்தாள். மாலிஸுக்கு முந்தின வாரம்தான் ரத்தம் ஏற்றியிருந்தது, கன்னத்தில் கொஞ்சம் நிறம் இருந்தது. பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"இந்தப் பன்னி அவங்க குடுத்ததுதானான்னு கேக்கறாங்க," என்று ரத்தனாக் மொழிபெயர்த்தான். கேட்கும்போது பன்றியைப் பார்க்காமல் தென்னை மரத்தைப் பார்த்தான்.

"ஆமாங்க. அவங்க கைராசி, இப்படிக் கொழுத்துப் போச்சு."

"மிஷின்?"

"அதுலதான் சோறு திங்கறோம்னு சொல்லு தம்பி."

"இன்னும் என்ன கஷ்டம் இருக்குன்னு கேக்கறாங்க."

சந்தூ இரண்டு கையையும் நெற்றிக்கு நேரே குவித்தாள். "ஒரு கஷ்டமும் இல்லீங்க. உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்."

பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. வழுக்கை மனிதர் மட்டும் மடியில் ஒரு பெரிய போனை வைத்துக்கொண்டு விரலால் தட்டிக்கொண்டேயிருந்தார். இந்தக் காலத்தில் யார்தான் போனை நோண்டாமல் இருக்கிறார்கள் என்று சந்தூ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் போனபிறகு ஊரே சிரித்துப் பேசிக்கொண்டு மிச்ச இளநீரைக் குடித்தது. வந்தவர்கள் மறுபடி எட்டிப் பார்த்தாலும் பார்க்கலாம் என்று பன்றியையும் மிஷினையும் மட்டும் அங்கேயே விட்டுவைத்தார்கள். மானம் காப்பாற்றியாயிற்று என்று அன்றைக்கு அவளுக்கு நிறைந்த மனசு.

இரண்டு மாதம் கழித்து வட்டார அலுவலகத்தில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். பன்னிரண்டு பெண்களுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்து வரிசையில் உட்கார வைத்தார்கள். சந்தூ ஏழாவது. ஒவ்வொருத்தியாக மேடையேறி, தன் பச்சை அட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட வேண்டும். போட்டதும் எல்லோரும் கை தட்டுவார்கள், நெட்டைப் பெண்மணி கட்டிப்பிடித்து ஒரு சான்றிதழ் கொடுப்பாள், வறுமையிலிருந்து தேறியவர் என்று தங்க எழுத்தில், படத்தோடு. பழைய அட்டையை வாங்கிக்கொண்டு இதைவிட உசத்தியான அட்டை ஒன்றைத் தருகிறார்கள் என்றே சந்தூ நினைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் தன் அட்டை விழுந்த சத்தம் கைதட்டலில் அவளுக்குக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மாலிஸைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சன்னல் வழியே அந்தச் சான்றிதழைப் பெருமையாக நீட்டினாள். உள்ளே இருந்த பெண் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க பேரை எடுத்துட்டாங்க. பணம் கட்டணும்."

"நல்லாப் பாரும்மா. பச்சை அட்டை பேருல இருக்கும்."

"நீங்கதான் தேறிட்டீங்களே. இதுலயே போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா?"

கொண்டுபோன வண்டிச்சத்தத்தையும் கழுத்தில் கிடந்த பொட்டுத் தங்கத்தையும் வைத்து அந்த மாதம் ரத்தம் ஏற்றினாள். இருவரும் நெடுஞ்சாலை வரை நடந்து வந்து, காய்கறி லாரி ஒன்றில் கெஞ்சி ஏறி ஊர் சேர்ந்தார்கள்.

மறுநாளே ரத்தனாக்கைத் தேடிப் போனாள். அவன் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"அக்கா, ஒரு கஷ்டமும் இல்லன்னு சொன்னது யாரு? நானா? அதைத்தான் அவரு போன்ல ஏத்திக்கிட்டுப் போனாரு."

"விருந்தாளின்னு சொன்னியே தம்பி! வீடு தேடி வந்தவங்க கிட்ட, நீங்க குடுத்த பன்னி செத்துப்போச்சுன்னு சொல்லுவாங்களா? உங்கம்மா சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க."

"அந்தப் பன்னி யாருதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கே தெரியும்க்கா."

சந்தூ அவன் முகத்தையே பார்த்தாள். "தெரிஞ்சா ஏன் அவங்க கிட்டச் சொல்லல?"

"இந்த வருஷம் பன்னண்டு பேரு தேறணும்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. எனக்குப் பதினொண்ணுதான் கெடைச்சுது. பன்னண்டு இல்லன்னா வட்டாரத்தையே மூடிருவாங்க. அட்டை எல்லாருக்கும் போயிரும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யறது?"

அவன் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தான். பன்றியும் மிஷினும் யாருடையதோ அவர்கள் "இது என்னுடையது, இரவல் கொடுத்தேன்" என்று எழுதிக் கைநாட்டு வைத்தால் போதும், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றான். நல்ல பையன்தான். அந்த நல்ல பையனை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

தோயுன் படிவத்தைத் தொடக்கூட இல்லை.

"என் பன்னின்னு கைநாட்டு வெச்சா என் அட்டை போயிரும் சந்தூ. என் பொண்டாட்டிக்கு சக்கரை மாத்திரை அதுலதான் வருது. அவ காலை ஏற்கெனவே பாதி வெட்டியாச்சு, நீ பாத்ததுதானே?"

"என் பொண்ணு செத்துருவா அண்ணே."

"என் பொண்டாட்டி மட்டும் கல்லா?" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "இன்னொண்ணு. சரிபாக்க வராங்களாம். அது வரைக்கும் பன்னி உன்கிட்டயே இருக்கட்டும். உனக்குத்தான் அட்டை இல்லையே, இனிமே உனக்கு என்ன பயம்?"

கிம்லி அழுதாள். அழுதுகொண்டே அதையேதான் சொன்னாள். மிஷினைத் திரும்ப எடுத்துப் போகவும் பயம், விட்டுவைக்கவும் மனசில்லை. அதனால் தினமும் காலையில் சந்தூ வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தைத்துவிட்டுப் போனாள். இந்த விஷயம் ஊரில் பரவ நாளாகவில்லை. ஒருத்தர் டிவியைக் கொண்டுவந்து வைத்தார். இன்னொருத்தர் மோட்டார் சைக்கிளை வீட்டுக்கு அடியில் நிறுத்திவிட்டுப் போனார். ஊரின் சொத்தெல்லாம் வந்து சேர்ந்து, அட்டை இல்லாத ஒரே வீடு நிரம்பிப் போயிற்று. சந்தூ மற்றவன் பன்றிக்குத் தவிடு காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே தொங்குகட்டிலில் மாலிஸ் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் ஏற்ற வேண்டிய நாள் கடந்து இருபது நாளாகிவிட்டது. மாலிஸ் படியிறங்கும்போது மயங்கி விழுந்தாள். சந்தூ அவளைத் தூக்கிப் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, நேரே சந்தைக்குப் போய்ப் பன்றி வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தெரியாமல் செய்தாள், மதிகெட்டுச் செய்தாள் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். தப்பு என்று தெரிந்து, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க விற்றாள். பேரமும் நன்றாகவே பேசினாள்.

தோயுன் கத்தியோடு ஓடி வந்தான்.

"எங்கடி என் பன்னி?"

"எந்தப் பன்னி அண்ணே?"

"வெளையாடாத. என் மகன் கல்யாணத்துப் பன்னி!"

"உங்க பன்னியா? அப்படின்னா வாங்க, வட்டாரத்துல போயிச் சொல்லுவோம். படிவம் என்கிட்டதான் இருக்கு. கைநாட்டு வெக்கிறீங்களா?"

தோயுன் கத்தியைத் தரையில் ஓங்கிக் குத்திவிட்டுப் போய்விட்டான். பன்றி இல்லாமல், சொன்ன நாளில் சீர் செய்ய முடியாமல், பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவன் மகன் எல்லை தாண்டி வேலைக்குப் போனான். அவனும் போனவன்தான்.

பன்றியின் ரத்தம் மாலிஸின் உடம்பில் நாலு மாதம் ஓடியது. அதன்பின் சந்தூ மிஷினை விற்றாள். காலையில் சட்டைத் துணியோடு வந்த கிம்லி, வெறும் தரையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, பள்ளிக்கூடம் தொறக்கப் பத்து நாள்தான் இருக்கு. நாப்பது சட்டை ஒத்துக்கிட்டேன்."

"உன் மிஷினா அது?" என்று கேட்டாள் சந்தூ. கேட்டபோது தன் குரல் ரத்தனாக்கின் குரலைப்போல இருப்பதாக அவளுக்கே பட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "உன்னோடதுன்னா சொல்லு. எழுதிக்கலாம்."

கிம்லி அதன்பின் மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் கிழங்கு பிடுங்கப் போனாள். டிவிக்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் அன்று மாலையே வந்து தங்கள் பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள். சந்தூ வீட்டில் மறுபடியும் ஒன்றும் இல்லாமல் போனது. இந்தத் தடவை அது நிஜமாகவே ஒன்றுமில்லை. ஊரில் அவளை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. விகாரையில் அவள் கொண்டுபோய் வைத்த சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேறு யாரும் தங்கள் கிண்ணத்தை வைக்கவில்லை. மாதம் ஒரு பை என்பது இரண்டு மாதத்துக்கு ஒரு பை ஆயிற்று.

"நீ பேசாம என்னை விட்டுரும்மா," என்றாள் மாலிஸ் ஒருநாள். "நான் போயிட்டா நீ கார்மென்ட் கம்பெனிக்குப் போயிப் பொழைச்சுக்குவ."

"வாயை மூடு. அடுத்த கணக்கெடுப்புல அட்டை வாங்கிடலாம். இப்ப நம்மகிட்ட என்ன இருக்கு ஒளிக்கறதுக்கு?"

அதைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் கணக்கெடுப்பும் வந்தது. புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் அலுவலர் வீட்டை மேலும் கீழும் சுற்றிப் பார்த்தாள். அரிசிப்பானையைத் திறந்து பார்த்தாள், தொங்குகட்டிலில் கிடந்த மாலிஸைப் பார்த்தாள். இந்த ஊரில் நான் பார்த்த வீடுகளிலேயே இதுதான் ரொம்ப மோசம் என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் ஒரு விதி இருந்தது. ஒருமுறை தேறியவர்கள் சொத்தை ஒளித்து வைத்துவிட்டு மறுபடி அட்டை கேட்பார்கள் என்பதால், அவர்களுக்கு மட்டும் ஊர்க்கூட்டம் சம்மதிக்க வேண்டும். பத்துக் கை உயர்ந்தால் போதும்.

"பத்துக் கை என்னம்மா பெரிய விஷயம்," என்றாள் அந்தப் பெண். "ஊரே பாத்துக்கிட்டுத்தானே இருக்கு."

கூட்டம் விகாரை மண்டபத்தில் நடந்தது. காலை ஒன்பது மணி. எழுபது, எண்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சந்தூ மகளைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் ஊர்த்தலைவர் சொவானும், இப்போது மேற்பார்வையாளராகிவிட்ட ரத்தனாக்கும் நாற்காலியில் இருந்தார்கள். புதுப் பெண் பேர்களை வாசித்துக்கொண்டே வந்து, சந்தூவின் பெயரில் நிறுத்தினாள்.

"இவங்க வீட்டை நேத்துப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. மறுபடி சேக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார். "போன வருஷம் நூறு கிலோப் பன்னியைச் சந்தையில வித்தாங்க. அப்புறம் மிஷினை வித்தாங்க. எல்லாரும் பாத்தோம். இதெல்லாம் வித்துத் தின்னவங்க ஏழைன்னா, அப்ப நாங்கல்லாம் யாரு?"

சந்தூ எழுந்தாள். "அது என் பன்னி இல்லீங்க. தோயுன் அண்ணனோடது. மிஷின் கிம்லியோடது. நான் என் பொண்ணுக்காகத் திருடி வித்தேன். திருட்டுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா பணக்காரின்னு மட்டும் சொல்லாதீங்க."

புதுப் பெண் திகைத்துப்போய் தோயுனைத் தேடினாள்.

"நீங்களா தோயுன்? உங்க பன்னியா அது?"

தோயுன் எழுந்து கைகளைக் குவித்தான். "எனக்கு ஏதுங்க பன்னி? எனக்குக் குடுத்தது அப்பவே செத்துப்போச்சு. உங்க கணக்குலயே இருக்குமே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். கிம்லி தலையைக் குனிந்துகொண்டு, எனக்கும் ஒன்றும் தெரியாது என்றாள். ரத்தனாக் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் காகிதத்தில் அவனுக்கு அப்படி என்ன அவசரமான வேலை இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி," என்றாள் புதுப் பெண். அவள் குரல் முன்போல இல்லை. "இந்த அம்மா ஏழைன்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

யாரும் அசையவில்லை. சந்தூ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் பெருமூச்சு விடச் சொல்லிக்கொடுத்த பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். மடியில் கை வைத்துக்கொண்டு, தரையையோ கூரையையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோயுன் மட்டும் அவளை நேருக்கு நேர் பார்த்தான். அவன் மனைவி, ஒற்றைக் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தவள், கையை லேசாக எடுத்தாள். தோயுன் அதைப் பிடித்துத் திரும்ப அவள் மடியில் வைத்தான்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மஞ்சள் பூத்துப்போன, மணிக்கட்டு எலும்பு துருத்திய கை. மாலிஸ் அந்தக் கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

புதுப் பெண் அவளைப் பார்த்துப் பரிவோடு சிரித்தாள். "சின்னப் பிள்ளைங்க கை கணக்குல வராது பாப்பா. பதினெட்டு ஆகியிருக்கணும். கீழ போடு."

மண்டபம் சிரித்தது. இறுக்கமாக உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். மாலிஸ் பிறந்த அன்று அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதிய ஊர்த்தலைவரும் சிரித்தார். அவளோடு ஒரே வகுப்பில் படித்து, இப்போது இடுப்பில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். அவளுக்குப் பத்தொன்பது முடிந்து இருபது நடக்கிறது என்று சந்தூ கத்தினாள். அந்தச் சிரிப்பில் அது பாதிதான் கேட்டது. கேட்டவர்களும் திரும்பவில்லை.

மாலிஸ் கையைக் கீழே போட்டாள். புதுப் பெண் அந்த வரிசையில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு, அடுத்த பெயரை வாசித்தாள்.